இருநூறு பேரின் ஒரே மூச்சு

ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ஜெபக்கூடத்துக்குள் வருகிறவர்கள் ஒரே மூச்சில் வருவதில்லை. பென்னாகரம் பக்கமிருந்து ஒரே வண்டியில் மூன்று பேராக வந்தவர்கள், பெங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்தவர், மாட்டைக் கறந்து பால் ஊற்றிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்த அம்மா, முட்டிவலியோடு படியேறிய பாட்டி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம், ஒரு கவலை. இரண்டாவது பாட்டின் பல்லவி மூன்றாம் முறை வரும்போது அந்தக் கூட்டம் ஒரே இடத்தில் மூச்சை இழுத்து, ஒரே இடத்தில் விடுகிறது. முன்னால் மைக்கைப் பிடித்து நிற்பவருக்கு அது காதிலேயே கேட்கும். வரிக்கும் வரிக்கும் நடுவே இருநூறு பேர் சேர்ந்து காற்றை உறிஞ்சுகிற அந்த ஒலியைத்தான் சொல்கிறேன்.

தருமபுரி மாவட்டத்தில் ஆராதனையில் பாட்டு நடத்துவது என் ஊழியம். அந்த நேரத்தில் நடப்பதை எங்கள் சபைகளில் அபிஷேகம் என்போம், ஆவியானவரின் அசைவு என்போம். அந்தச் சொற்களை நான் விடப்போவதில்லை. அதே நேரத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சில ஆய்வகங்கள் அளந்து வைத்திருக்கின்றன. அவற்றைப் படித்ததால் என் விசுவாசம் குறையவில்லை. ஆனால் மைக்கின் முன்னால் நிற்கும்போது பயம் கூடியிருக்கிறது. ஒரு கூட்டத்தின் மூச்சு ஒருவர் கையில் இருக்கிறது என்பது சாதாரண விஷயம் அல்ல.

முதலில் மூச்சையே எடுத்துக்கொள்வோம். காற்றை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கும், வெளியே விடும்போது சற்று மெதுவாகும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஆழமாக மூச்சு விட்டுப் பாருங்கள், விரலுக்கே தெரியும். இளவயதில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாக இருக்கும், வயதாக ஆகக் குறையும். மூளையின் அடிப்பகுதியிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், வயிறு என்று கிளைவிடும் வேகஸ் நரம்பின் வேலை இது. மூச்சு வெளியேறும் நேரத்தில் அது இதயத்தின் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது, உள்ளே வரும் நேரத்தில் தளர்த்துகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுவார். பாடத் தொடங்கினால் அது நடக்காது. வரி முடிகிற இடத்தில்தான் காற்று வாங்க முடியும், வாங்கியதை அடுத்த வரி முழுவதும் சிறுகச் சிறுகச் செலவழிக்க வேண்டும். அப்படியானால் பாடுகிறவர் எப்போது மூச்சு விட வேண்டும் என்பதைப் பாட்டை எழுதியவர் தீர்மானித்துவிட்டார். ஒரே பாட்டை இருநூறு பேர் பாடினால் இருநூறு பேருக்கும் ஒரே தீர்மானம். மூச்சு சேர்ந்துவிட்டால் இதயத்தின் ஏற்ற இறக்கமும் சேர வேண்டும் அல்லவா?

சேர்கிறது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பியோர்ன் விக்ஹாஃப் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதை 2013இல் வெளியிட்டார்கள். 18 வயதுப் பிள்ளைகள் 15 பேரை மூன்று விதமாகப் பாடவைத்தார்கள். முதலில் ஒரே சுருதியில் முனகச் சொன்னார்கள், மூச்சு வாங்குவது அவரவர் விருப்பம். அடுத்து ஒரு கிறிஸ்தவப் பாமாலை. கடைசியாக, அடிக்கு அடி நடுவில் மட்டுமே மூச்சு வாங்கும்படியான மெதுவான மந்திரம் போன்ற ஒரு பாட்டு. முனகும்போது ஒவ்வொரு இதயமும் தன் வழியில் போனது. பாட்டின் அமைப்பு மூச்சைக் கட்டக் கட்ட, இதயங்கள் ஒரே நேரத்தில் வேகமெடுத்து ஒரே நேரத்தில் தணிந்தன. எல்லோருக்கும் துடிப்பின் எண்ணிக்கை ஒன்றாகிவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எண்பது துடிக்கிறவருக்கும் எழுபது துடிக்கிறவருக்கும் ஏறுவதும் இறங்குவதும் ஒரே கணத்தில் நடக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அந்த ‘அவ்வளவுதான்’ போதுமான வியப்பு.

இதைவிட என்னை நிறுத்திவைத்தது இத்தாலியிலிருந்து வந்த ஓர் ஆய்வு. அதைச் சொல்லும் முன் ஒன்று: எங்கள் மாவட்டத்தின் பழைய கிறிஸ்தவ ஊர்கள் கத்தோலிக்க ஊர்கள். கோவிலூருக்கு 17ஆம் நூற்றாண்டின் மைசூர் மிஷன் காலத்திலேயே இயேசு சபைக் குருக்கள் வந்துவிட்டார்கள். பொம்மிடி பக்கத்து பி. பள்ளிப்பட்டியில் லூர்து மாதா பக்தி வேரூன்றியிருக்கிறது. 1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரியைத் தனி மறைமாவட்டமாக்கினார்கள். அந்த ஊர்களில் மாலை நேரம் ஜெபமாலை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மங்கள வார்த்தை ஜெபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்வார், மறுபாதியை எல்லோரும் சொல்வார்கள். பிறகு மறுபடி, மறுபடி, மணிக்கு மணி. அந்த இத்தாலிய ஆய்வில் லூசியானோ பெர்னார்டியின் குழு 23 ஆரோக்கியமான பெரியவர்களை அந்த ஜெபத்தை லத்தீனில் சொல்லவைத்து, மூச்சையும் இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் பதிவு செய்தது. திபெத்தியப் பௌத்தர்களின் மந்திரத்தையும் அதே ஆட்களைச் சொல்லச் சொன்னது. முடிவு 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்திருந்தது, அதாவது 10 விநாடிக்கு ஒன்று.

ஏன் பத்து விநாடி? நம் ரத்த அழுத்தம் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அழுத்தத்தைக் கண்காணித்து மூளைக்குச் சொல்கின்றன. மூளை அதைச் சரிசெய்கிறது. சொல்லித் திருத்த ஆகும் தாமதத்தால் அழுத்தத்தில் சுமார் 10 விநாடிக்கு ஒரு மெல்லிய அலை உண்டாகிறது. 1876இல் சீக்மண்ட் மேயர் இதை விவரித்ததால் மேயர் அலை என்கிறார்கள். மூச்சும் அதே பத்து விநாடித் தாளத்துக்கு வந்துவிட்டால், ஊஞ்சல் பின்னால் வந்து நிற்கும் சரியான கணத்தில் தள்ளிவிடுவது போல, சிறு உந்துதலிலேயே வீச்சு பெரிதாகிறது. அழுத்தத்தைத் திருத்தும் அந்த அனிச்சைச் செயல் கூர்மையாவதை பெர்னார்டி அளந்தார். லத்தீனில் அளந்ததை அப்படியே தமிழுக்குத் தூக்கி வைக்க முடியாது, நம் சொற்களின் நீளம் வேறு, சொல்லும் வேகம் வேறு. ஆனால் ஒரு பாதியைச் சொல்லும்போது விடுவதும் மறுபாதியைக் கேட்கும்போது வாங்குவதுமான அந்த ஏற்பாடு இரண்டிலும் ஒன்றுதான். இந்த மெதுவான தாளத்துக்கு எந்தக் கருவியும் இல்லாமல், முழங்காலில் நின்ற மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லியே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சரி, மூச்சு சேர வேண்டுமென்றால் முதலில் எல்லோரும் பாட வேண்டும். இங்கேதான் நடத்துகிறவர் பெரும்பாலும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஆணின் பேச்சுக் குரல் விநாடிக்கு 110, 120 அதிர்வுகளை ஒட்டி இருக்கும், பெண்ணின் குரல் 200ஐ ஒட்டி. கூட்டமாகப் பாடும்போது பெண்கள் ஆண்களைவிட ஒரு ஸ்தாயி மேலே பாடுகிறார்கள். ஒரு ஸ்தாயி என்றால் அதிர்வு சரியாக இரண்டு மடங்கு. குரல்களின் இயல்பான வித்தியாசமோ இரண்டு மடங்கைவிடக் குறைவு. ஆக, ஓர் ஆண் தன் குரல் நன்றாக ஒலிக்கும் கட்டையில் ஆரம்பித்தால், பெண்கள் தங்கள் வசதிக்கு மேலே இரண்டு மூன்று சுரத்தானம் எக்கிப் பாட வேண்டியிருக்கும். சரணம் மேலே ஏறுகிற இடத்தில் பின்வரிசைப் பெண்கள் மௌனமாகிவிடுவார்கள். அவர்களுக்கு ஆவியில் அனல் இல்லை என்று மேடையிலிருந்து கடிந்துகொள்வதையும் நான் கேட்டிருக்கிறேன். குரல்வளையின் நீளத்தைப் பார்த்துக் கடிந்துகொள்வது நியாயமில்லை. என் குரலுக்குப் பிடித்த கட்டையிலிருந்து ஒன்று, ஒன்றரைக் கட்டை இறக்கியே கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் ஸ்கேல் சொல்வேன். என் குரல் கொஞ்சம் மங்கும். சபையின் குரல் எழும்பும்.

நம் கீர்த்தனைகள் சபை முழுவதும் சேர்ந்து பாடவென்றே பிறந்தவை போல இருப்பது தற்செயல் அல்ல. தஞ்சாவூரின் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியோடு படித்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற வடிவத்தைச் சபைக்குள் கொண்டுவந்தார். எழுத்தறியாதவரும் பல்லவியைப் பிடித்துக்கொள்ளலாம், சரணத்தை ஒருவர் நீட்டினால் போதும். அதற்கு முன் மேல்நாட்டு மெட்டில் மொழிபெயர்த்த பாட்டுகளே அதிகம். அவற்றில் மெட்டின் அழுத்தம் விழும் இடத்தில் தமிழின் குறில் மாட்டிக்கொண்டு நீளும், நெடில் நசுங்கும். பாடுகிறவர் வாய்க்கு அது இடறல். மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் இதை உணர்ந்து, சாஸ்திரியாரின் பாட்டுகளையும் மற்றவர்களுடையதையும் சேர்த்து 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். இன்று பாமாலையும் கீர்த்தனையும் ஒரே அட்டைக்குள் இருப்பதற்கு அங்கே ஆரம்பம். எங்கள் பக்கத்துக்கு வந்தால், சேலத்தில் லண்டன் மிஷன் 1827இல் தொடங்கியது, தருமபுரி அப்போது சேலத்தைச் சேர்ந்தது. அதே மிஷனிலிருந்து ஈரோட்டுக்கு வந்த எச். ஏ. பாப்லி, பாட்டும் கதையுமாகக் காலட்சேபம் நடத்தியவர். இந்திய இசையைக் கற்று, 1921இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

எல்லோரையும்விட என் மனதுக்கு நெருக்கமானவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். கர்நாடக மெட்டில் அமைந்த கீர்த்தனையும் ஒரு சாராரின் வாய்க்குத்தான் எளிது என்று கண்டு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட பறையைப் பலிபீடத்தின் முன் முழங்கவைத்தார். யார் வேண்டுமானாலும் மாற்றிப் பாடிக்கொள்ளலாம் என்பதுதான் நாட்டுப்புறப் பாட்டின் பலம் என்பது அவர் எண்ணம். 2005இல் மறைந்தார். ஒரே மூச்சு என்று பேசுகிற எவரும், யாருடைய மூச்சை விட்டுவிட்டோம் என்று கேட்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவது சிலருக்குச் சலிப்பாகத் தோன்றும். அதற்கும் ஒரு காரணம் அகப்பட்டிருக்கிறது. உளவியலாளர் டயானா டாய்ச் 1995இல் தன் பேச்சுப் பதிவு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சொற்றொடர் சுழன்று சுழன்று ஒலித்தது. சில நிமிடங்களில் அது பேச்சாகக் கேட்கவில்லை, பாட்டாகிவிட்டது. ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. முதல் முறை பொருளைத் தேடும் காது, பத்தாம் முறை ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கேட்கத் தொடங்குகிறது. பொருள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால் மனத்துக்கு வேறு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. எங்கே நிறுத்துவது என்ற அளவு தெரிய வேண்டும் என்பது வேறு விஷயம்.

கூடத்துக்கும் இதில் பங்கு உண்டு. சனிக்கிழமை மாலை ஒத்திகையில் கணீரென்று ஒலித்த பாட்டு ஞாயிறு காலை சப்பென்று போனதை எல்லாப் பாடகர் குழுக்களும் அறியும். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று, அதைச் சரிசெய்யும் வேலையை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மண்டபத்தின் கன அளவு கூடினால் எதிரொலி நீளும், ஒலியை விழுங்கும் பரப்பு கூடினால் குறையும் என்று 1898 வாக்கில் சூத்திரம் கண்டார். மெத்தையைப் போல மனித உடலும் ஒலியை விழுங்கும்.

நம் கூடத்துக்குக் கணக்குப் போடலாம். 20 மீட்டர் நீளம், 10 அகலம், 5 உயரம், சிமெண்ட் பூச்சு, 20 சதுர மீட்டர் அளவுக்குத் திறந்த ஜன்னல் கதவுகள். ஆள் இல்லாதபோது ஒலி அடங்கச் சுமார் 4 விநாடி. 200 பேர் வந்து உட்கார்ந்தால் ஏறக்குறைய 1.2 விநாடி. ஒத்திகையில் நம் குரலைத் தாங்கி நின்றது வெறுங்கூடம். ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையை மக்கள்தான் செய்ய வேண்டும், பாடினால்தான் செய்வார்கள்.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பீக்கரைக் கூட்டுகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இலேயே காட்டியது இது: சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார். உயர்த்திக்கொண்டே போகத் தொண்டை இடம் கொடுக்காது. கூட்டாகப் பாடுகிறவருக்குத் தன் குரலும் கேட்க வேண்டும், பக்கத்தவர் குரலும் கேட்க வேண்டும். ஸ்டாக்ஹோமின் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரம் பாடகர் குழுக்களிடம் சோதித்தபோது, மற்றவர் குரலைவிடத் தன் குரல் சுமார் 6 டெசிபல் மேலே கேட்பதைப் பலரும் விரும்பினார்கள். மிக்சரின் முன் இருப்பவர் அந்த இடைவெளியை மூடிவிட்டால், தான் பாடுவது தனக்கே கேட்காத மனிதர் மெல்ல வாயை மூடிக்கொள்வார். கைதட்டிக்கொண்டிருப்பார், உதடும் அசையும், ஆனால் மூச்சு சேராது. மைதானத்தில் நடக்கும் பெருங்கூட்டங்களில் இன்னொரு சங்கடம். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் 0.2 விநாடி தாமதமாக வருகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு போகிற பாட்டில் அது கிட்டத்தட்ட அரைத் தட்டு. முன்னால் இருப்பவர்களும் பின்னால் இருப்பவர்களும் வெவ்வேறு பாட்டைப் பாடுவது போலத்தான்.

சேர்ந்து பாடியவர்களின் உடம்பில் வேறொன்றும் நடக்கிறது. ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பரும் அவரோடு இருந்தவர்களும் பாடியவர், டிரம் அடித்தவர், ஆடியவர் ஆகியோரின் கையில் ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுற்றி இறுக்கி, எவ்வளவு இறுக்கத்தை வலியில்லாமல் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். வெறுமனே இசை கேட்டவர்களைவிட இசையில் இறங்கியவர்கள் அதிகம் தாங்கினார்கள். உடலே சுரக்கும் எண்டார்பின் என்ற வலிநிவாரணியின் வேலை இது என்பது அவர்கள் ஊகம். லண்டனில் 232 பேர் ஒன்றாகச் சேர்ந்து பாடிய குழுவிலும் இதே விளைவு தெரிந்தது. முகம் தெரியாதவர்களோடும் நெருக்கம் கூடியிருந்தது. 2015இல் வந்த மற்றோர் ஆய்வு, புதிதாகச் சேர்ந்த வகுப்புகளை ஏழு மாதம் தொடர்ந்தது. பாட்டு வகுப்பினர் கைவினை வகுப்பினரையும் எழுத்து வகுப்பினரையும்விடச் சீக்கிரம் ஒட்டிக்கொண்டார்கள். ஏழாம் மாத முடிவில் எல்லா வகுப்பும் அதே நெருக்கத்துக்கு வந்திருந்தன. பாட்டு வேகமான வழி, ஒரே வழி அல்ல.

முட்டிவலியோடு வந்த பாட்டி ஆராதனை முடிந்ததும் ‘வலி போயிடுச்சுய்யா’ என்று சாட்சி சொன்னால் நான் நம்புகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. வலி உண்மையாகவே அடங்கியிருக்கிறது. தேய்ந்த மூட்டு தேய்ந்தபடிதான் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெரும்பாலும் வலியே கிடையாது, அதனால் பாட்டு அவற்றை மறைக்கக்கூட வேண்டியதில்லை. அந்த மகிழ்ச்சியின் உச்சியில் ‘இனி மாத்திரை வேண்டாம்’ என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னால், அது விசுவாசத்தின் பேச்சு அல்ல, உயிரோடு விளையாடும் பேச்சு. ஜெபித்துவிட்டு, திங்கட்கிழமை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போவதும் ஊழியம்தான்.

அப்படியானால் எல்லாம் நரம்பும் சுரப்பும்தானா, அங்கே கேட்கிறவர் ஒருவரும் இல்லையா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் ஊஃபே ஷோட் 2009இல் வெளியிட்ட ஆய்வை அவர்களுக்குச் சொல்வேன். ஆழ்ந்த பக்தியுள்ள 20 கிறிஸ்தவர்களை மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்து, பரமண்டல ஜெபத்தைச் சொல்லச் சொன்னார்கள், சொந்த வார்த்தையில் ஜெபிக்கச் சொன்னார்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் பரிசு கேட்கவும் சொன்னார்கள். சொந்த வார்த்தையில் ஜெபித்தபோது, எதிரே இருக்கும் ஒரு மனிதரின் மனத்தை ஊகிக்கும்போது வேலை செய்கிற பகுதிகள் விழித்தன. கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் கேட்டபோது அப்படி நடக்கவில்லை. ஜெபிக்கிறவரின் மூளை, நிஜமான ஒருவரோடு பேசுவது போலத்தான் பேசுகிறது. அந்த ஒருவர் இருக்கிறாரா என்பது அந்தக் கருவி அளக்கிற விஷயம் அல்ல. நான் இருக்கிறார் என்று அறிக்கையிடுகிறேன், அந்த அறிக்கைக்குக் கருவியைச் சாட்சிக்கு அழைக்க மாட்டேன். பிலடெல்பியாவில் ஆண்ட்ரூ நியூபெர்க் 2006இல் அந்நிய பாஷை (ஜெபத்தில் தானாக எழும் புரியாத பேச்சு) பேசும் ஐந்து பெண்களைப் படமெடுத்தார். அவர்கள் பாடும்போது இருந்ததைவிட, பாஷை பேசும்போது நெற்றிப்புற மூளையில் செயல்பாடு குறைந்திருந்தது. தாங்களே பேச்சைக் கட்டுப்படுத்தவில்லை என்று அவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது. ஐந்து பேரை வைத்து இதற்கு மேல் பேசுவது சரியல்ல.

அதே ஷோட் 2011இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வை ஒவ்வொரு ஊழியக்காரரும் படிக்க வேண்டும். ஜெபத்தில் நம்பிக்கையுள்ள 18 கிறிஸ்தவர்களுக்கும் நம்பிக்கையில்லாத 18 பேருக்கும் பதிவுசெய்த ஜெபங்களைப் போட்டுக் காட்டினார்கள். ஜெபிப்பவர் கிறிஸ்தவர் அல்லாதவர் என்று சிலவற்றுக்கும், சாதாரண விசுவாசி என்று சிலவற்றுக்கும், குணமாக்கும் வரம் பெற்றவர் என்று சிலவற்றுக்கும் முன்கூட்டிச் சொன்னார்கள். ‘வரம் பெற்றவர்’ என்று கேட்டதுமே, விசுவாசிகளின் மூளையில் சீர்தூக்கிப் பார்க்கும் நெற்றிப்புற வலைப்பின்னல் தணிந்தது. எவ்வளவு தணிந்ததோ, அவ்வளவுக்கு அந்த ஜெபத்தில் தேவப் பிரசன்னத்தை உணர்ந்ததாகப் பின்னால் சொன்னார்கள். நம்பிக்கையில்லாதவர்களிடம் இது காணப்படவில்லை.

மூச்சு சேர்ந்திருக்கிறது, வலி தணிந்திருக்கிறது, பக்கத்தில் நிற்பவர் உறவாகத் தோன்றுகிறார், முன்னால் நிற்பவரைச் சந்தேகிக்கும் சக்தி தூங்குகிறது. கடவுளிடம் தன்னை ஒப்புக்கொடுக்க மனிதருக்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. மனிதரிடம் எதையும் ஒப்புக்கொடுக்க இதைவிட ஆபத்தான நேரமும் இல்லை. ஆகவே பாட்டு நடத்த வருகிற பிள்ளைகளிடம் சுருதிக்கும் தாளத்துக்கும் முன்னால் இந்த ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: பாட்டு ஓங்கி நிற்கிற நேரத்தில் யாரிடமும் பணம் கேட்காதே, கல்யாண முடிவு கேட்காதே, மருந்தைப் பற்றிப் பேசாதே, ‘ஆண்டவர் எனக்குச் சொன்னார்’ என்று ஆரம்பித்து ஒருவர் வாழ்க்கைக்கு வழி சொல்லாதே. கேட்டே ஆக வேண்டியது இருந்தால், அவர் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி எழுந்து, செவ்வாய்க்கிழமை மாடு மேய்த்துக்கொண்டிருக்கும்போது போய்க் கேள். ‘வேண்டாம்’ என்று சொல்ல அப்போது அவருக்கு முழுப் பலம் இருக்கும்.